பார்க்கின்சன் மாத்திரையும் கடிகாரமும்

பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை தொடங்கி ஐந்தாறு வருடம் ஆன வீடுகளில் ஒரே பேச்சுதான் கேட்கும்: "மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு, இனிமே வேலை செய்யாது." முதல் இரண்டு வருடம் மூன்று வேளை மாத்திரையில் ஆள் பழையபடி நடமாடியிருப்பார். இப்போது அதே மாத்திரை மூன்றரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. பார்ப்பவர்களுக்குப் பழகிப்போனது போலத்தான் தெரியும். ஆனால் மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் ஒரு வேளையில் உட்கார்ந்து கவனியுங்கள். ஆறாம் வருடத்திலும் விரல்கள் இளகும், குரல் எழும், கால் தூக்கி வைக்க வரும். மாத்திரையில் உள்ள லெவோடோபா என்ற மருந்தின் வீரியம் அப்படியேதான் இருக்கிறது. அதை வாங்கிச் சேர்த்து வைத்து, அளந்து செலவழிக்கும் மூளையின் திறன்தான் குறைந்துவிட்டது. இது புரிந்துவிட்டால் எந்த நேரத்துக்கு மாத்திரை, எப்போது சாப்பாடு, மருத்துவரிடம் எதைச் சொல்வது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று சிறியதாக, கறுத்த நிறத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள்தான், உடம்பின் அசைவைச் சீராக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற இடத்துக்கு டோபமைன் என்ற ரசாயனத்தை அனுப்புகின்றன. பார்க்கின்சனில் இந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. கை நடுக்கமோ நடையில் மந்தமோ வெளியே தெரிய வரும்போதே ஸ்ட்ரையேட்டத்தின் டோபமைனில் பாதிக்கு மேல் போயிருக்கும். டோபமைனையே நேராகக் கொடுத்துப் பயனில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டாது. அதன் முன்பொருளான லெவோடோபா தாண்டும். உள்ளே போனதும், மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் அதை டோபமைனாக மாற்றித் தங்கள் முனைகளில் உள்ள நுண்பைகளில் சேமித்து, வேண்டியபோது வேண்டிய அளவு விடுகின்றன.

லெவோடோபா ரத்தத்தில் தங்குவது கொஞ்ச நேரம்தான். அது வழியில் வீணாகாமல் காக்கும் துணை மருந்தான கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அளவு பாதியாக இறங்கிவிடும். அப்படியிருந்தும் ஆரம்ப வருடங்களில் நாளுக்கு மூன்று மாத்திரையில் காலை முதல் இரவு வரை சீராகப் போவதற்குக் காரணம் இந்தச் சேமிப்புதான். மொட்டைமாடியில் தொட்டி இருக்கும் வீட்டில் மோட்டார் காலையில் ஒரு தடவை ஓடினால் போதும், குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும். தொட்டி விரிசல் விட்டுவிட்டால் மோட்டார் ஓடும் நேரத்துக்கு மட்டும்தான் தண்ணீர். நரம்பு முனைகள் அருகிப்போனால் மூளையின் நிலையும் இதுதான். ரத்தத்தில் மருந்து ஏறினால் உடம்பு இளகும், இறங்கினால் இறுகும். நோயாளிகள் இதைத்தான் "ஆன்", "ஆஃப்" என்கிறார்கள்.

டோபமைன் நரம்புகள் குறைந்த பிறகு லெவோடோபாவை மாற்றும் வேலையில் ஒரு பங்கைச் செரட்டோனின் நரம்புகள் எடுத்துக்கொள்கின்றன. டோபமைனாக மாற்ற அவற்றால் முடியும், ஆனால் அளந்து விட முடியாது. வெளியே விட்டதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் ஏற்பாடும் அவற்றிடம் இல்லை. அதனால் டோபமைன் ஒரேயடியாகப் பாய்ந்து, பிறகு வற்றிப்போகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை வருடக்கணக்கில் வாங்கும் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் கூருணர்ச்சி அடைகின்றன. உடம்பு நெளிந்து ஆடும் டிஸ்கைனீசியாவின் வேர் இது.

இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். லெவோடோபாவுக்கு மூளை இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது. ஒன்று, மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்து சில மணி நேரத்தில் மறைவது. மற்றது, நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல ஏறி, மருந்தை நிறுத்தினாலும் மெல்ல இறங்குவது. 2004இல் வெளியான எல்டோபா ஆய்வில் 40 வாரம் லெவோடோபா எடுத்தவர்களுக்கு 2 வாரம் மருந்தே கொடுக்காமல் பார்த்தார்கள். அப்போதும் அவர்கள் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். இந்த நீண்டகாலப் பதில் அதற்கு ஒரு காரணம். அதனால் புதிதாக மருந்து தொடங்கி மூன்றாம் நாளே "ஒன்றும் தெரியவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் முழு விளைவு தெரிய இரண்டு மூன்று வாரம் கொடுக்க வேண்டும். ஒரு வேளை தவறியும் நன்றாகத்தானே இருக்கிறார் என்று மாத்திரையைக் குறைத்த வீடுகளில் பத்து நாள் கழித்து ஆள் படுத்துவிடுவதும் இதே காரணத்தால்தான்.

"இப்பவே ஆரம்பிச்சா பின்னாடி வேலை செய்யாது, முடிஞ்ச மட்டும் தள்ளிப் போடலாம்" என்ற யோசனையைச் சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. இத்தாலியிலும் கானாவிலும் உள்ள நோயாளிகளை ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. கானாவில் மருந்து கிடைக்காததால் சிகிச்சை வெகு தாமதமாகத்தான் தொடங்கியது. ஆனாலும் ஆன்-ஆஃப் தொல்லையும் டிஸ்கைனீசியாவும் இரு நாட்டிலும் நோய் தொடங்கி ஏறத்தாழ அதே காலத்தில்தான் வந்தன. எத்தனை வருடம் மருந்து எடுத்தார் என்பதைவிட, நோய்க்கு எத்தனை வயது, உடல் எடைக்கு எவ்வளவு மருந்து என்பவைதான் கணக்கில் வந்தன. 2019இல் நெதர்லாந்தில் முடிந்த லீப் ஆய்வில் முதலிலேயே தொடங்கியவர்களும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களும் 80ஆவது வாரத்தில் ஒரே நிலையில் இருந்தார்கள். சீக்கிரம் தொடங்கியதால் நோய் நிற்கவும் இல்லை, கெடுதலும் இல்லை. சட்டைப் பொத்தான் போட முடியாமல், வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குள் முடங்கிக் கழிக்கும் இரண்டு வருடத்தைத் தியாகம் செய்வதில் எந்த லாபமும் இல்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது சின்டோபா. 110 என்றால் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 மி.கி. பிளஸ் என்றால் 100, 25. 275 என்றால் 250, 25. பெட்டியின் எண் இரண்டையும் கூட்டிய தொகை. "275இல் பாதி" போடச் சொன்னால் உள்ளே போகும் லெவோடோபா 125. கடையில் "அது இல்ல, இது இருக்கு, ஒண்ணுதான்" என்று மாற்றிக் கொடுத்தால் இந்த இரண்டு எண்களையும் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கார்பிடோபாவின் வேலை, லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் டோபமைனாக மாறி வீணாகாமல் தடுப்பது. அது வருவதற்கு முன், 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியஸ் மெல்ல மெல்ல அளவை ஏற்றி நாளுக்குப் பல கிராம் டோபா கொடுத்துத்தான் நோயாளிகளை எழுப்பி நடக்கவைத்தார். குமட்டலும் வாந்தியும் பெரும்பாடாக இருந்தன. கார்பிடோபா சேர்ந்ததும் தேவைப்பட்ட லெவோடோபா ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் கார்பிடோபா அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய நாளுக்கு 70 முதல் 100 மி.கி. வரை வேண்டும். 110 மாத்திரை மூன்று வேளை எடுப்பவருக்குக் கிடைப்பது 30 மட்டுமே. "மாத்திரை போட்டாலே குமட்டுது, எனக்கு இது ஒத்துக்காது" என்று மருந்தையே நிறுத்துபவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை இதுதான். அதே லெவோடோபா அளவில் பிளஸ் மாத்திரைக்கு மாற்றினால் 75 கிடைத்துவிடும், குமட்டல் பெரும்பாலும் அடங்கும். மருத்துவரிடம் "கார்பிடோபா போதுமா?" என்று கேளுங்கள்.

சி.ஆர். என்று போட்ட மாத்திரை மெதுவாகக் கரைவது. அதை மெல்லவோ நசுக்கவோ கூடாது. அதிலுள்ள லெவோடோபா முழுவதும் உடம்பில் சேர்வதில்லை, சாதா மாத்திரையில் சேர்வதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். பகலில் எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இரவு படுக்கும்போது போட்டால் நடுராத்திரியில் புரண்டு படுக்க உதவும். அதற்குத்தான் நாங்கள் அதை அதிகம் மதிக்கிறோம்.

பூனைக்காலி விதை பற்றிக் கேட்காத வீடு இல்லை. அதில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பார்க்கின்சனுக்கும் டோபமைனுக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிய இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் கடைப் பொடியில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு லெவோடோபா என்பது பொடிக்குப் பொடி மாறும், கார்பிடோபாவும் கிடையாது. மாத்திரையோடு சேர்த்து ரகசியமாக எடுத்தால் அளவு இரட்டிப்பாகி, டிஸ்கைனீசியாவோ ரத்த அழுத்தச் சரிவோ வரும். எடுப்பதாக இருந்தால் மருத்துவருக்குத் தெரியட்டும்.

வயிற்றுக்குள் நடக்கும் போட்டி

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். சிறுகுடலின் மேல்பகுதியில் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் அதே வாயில் வழியாகத்தான் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் அமினோ அமிலங்களும் நுழைய வேண்டும். மூளையின் தடுப்பிலும் இதே போட்டிதான். இரைப்பையிலிருந்து மாத்திரை குடலுக்கு இறங்கினால்தான் எதுவும் நடக்கும். சாப்பாடு, மலச்சிக்கல், இந்த நோயே உண்டாக்கும் இரைப்பை மந்தம் எல்லாமே அதைத் தாமதப்படுத்தும்.

நோயின் ஆரம்பத்தில் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, சேமிப்பு சமாளித்துவிடும். ஆன்-ஆஃப் தொடங்கிய பிறகு கண்டிப்பு தேவை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி முன்பு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். சாப்பிட்ட பிறகு என்றால் ஒன்றரை இரண்டு மணி நேரம் கழிய வேண்டும். குமட்டினால் பாதி வாழைப்பழமோ இரண்டு பிஸ்கெட்டோ போதும், பால் வேண்டாம். காலையில் காபி டம்ளரோடு மாத்திரையை விழுங்குவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு. இட்லி, தோசையில் உளுந்து, பொங்கலில் பாசிப்பருப்பு, மாலையில் சுண்டல் என்று சைவச் சமையலிலும் புரதம் நிறைய இருக்கிறது.

புரதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த நோயில் எடை தானாகவே இறங்கும், புரதத்தைக் குறைத்தால் தசையும் போய்விடும். பகலில் கஞ்சி, ரசம் சாதம், காய்கறி, பழம் என்று வைத்து, பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றை இரவுக்குத் தள்ளினால் நடமாட வேண்டிய பகல் நேரம் மருந்துக்குக் கிடைக்கும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதையும் இதையும் இரண்டு மணி நேரம் பிரித்து வைக்க வேண்டும். வயிற்றுக்குள்ளேயே இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும்.

மலச்சிக்கலை ஒரு தனித் தொல்லையாகப் பார்க்காமல் மருந்து சிகிச்சையின் பகுதியாகவே பாருங்கள். நான்கு நாள் வயிறு போகாதவருக்கு மாத்திரையைக் கூட்டுவதைவிட வயிற்றைச் சரிசெய்வது பல தடவை நல்ல பலன் தரும்.

தாளில் எழுதிப் பார்த்தால்

மருத்துவர் முன்னால் பத்து நிமிடம் உட்காரும்போது நோயாளி ஆனில் இருந்தால் எல்லாம் சரி என்று தோன்றும், ஆஃபில் இருந்தால் எதுவுமே வேலை செய்யவில்லை என்று தோன்றும். அதனால் போவதற்கு முன் மூன்று நாள் அரை மணிக்கு ஒரு முறை எழுதுங்கள்: தூக்கம், ஆஃப், ஆன், ஆனில் தொந்தரவான ஆட்டம். மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இப்படி ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். மாத்திரை 6, 10, 2, 6 மணிக்கு. காலை 6.00க்கு வெறும் வயிற்றில் முதல் மாத்திரை. 6.40க்கு விரல் இளகுகிறது, பொத்தானைத் தானே போடுகிறார். 9.20க்கு இடது கால் கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கத் தொடங்குகிறது. 9.40க்குக் குரல் இறங்கிவிட்டது, நாற்காலியிலிருந்து எழக் கை கொடுக்க வேண்டும். 10.00க்கு இரண்டாவது மாத்திரை, 10.50க்கு ஆன். 1.15க்குச் சாம்பார், மீன் வறுவலோடு சாப்பாடு. 2.00க்கு மூன்றாவது மாத்திரை. 3.40 வரை ஒன்றும் இல்லை. 3.40க்கு லேசாக ஆன், 5.00க்கு மறுபடியும் ஆஃப்.

மருத்துவரிடம் "மத்தியானத்துக்கு மேல முடியல" என்று மட்டும் சொன்னால் அளவு கூடிவிடும். கூடினால் காலை வேளைகளில் டிஸ்கைனீசியா வரும், மத்தியானம் அப்படியேதான் இருக்கும். தாளில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் தெரிகின்றன. ஒரு மாத்திரை தாங்குவது மூன்றேகால் மணி நேரம், ஆனால் இடைவெளி நான்கு மணி நேரம். மூன்றாவது மாத்திரை சாப்பாட்டில் சிக்கிக்கொண்டது. நேரத்தை 6, 9, 12, 3, 6 என்று மாற்றி, காலைப் பலகாரம் ஏழு மணிக்குள், மதியச் சாப்பாடு 12.45க்கு, மீன் இரவுக்கு என்று வைத்தால் இரண்டும் ஒன்றாகச் சரியாக வாய்ப்பு இருக்கிறது. நான்கு மாத்திரை ஐந்தாகும்போது ஒரு வேளைக்கான அளவைக் குறைப்பதா, அப்படியே வைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ரொம்பவும் துண்டு போட்டுவிட்டால் ஒவ்வொரு துண்டும் ஆனுக்குத் தேவையான அளவை எட்டாமல், நாள் முழுக்க ஆஃபிலேயே போகும் அபாயம் உண்டு.

இடைவெளியைச் சுருக்கியும் போதவில்லையென்றால் லெவோடோபா சீக்கிரம் சிதையாமல் காக்கும் என்டகபோன் 200 மி.கி. ஒவ்வொரு லெவோடோபா வேளையோடும் சேரும். அதனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். ரசாஜிலின், சாஃபினமைடு போன்றவை மூளைக்குள் டோபமைன் சிதைவதைக் குறைத்து ஆன் நேரத்தைக் கொஞ்சம் நீட்டும்.

விடிகாலையில் காலைக் கீழே வைக்க முடியாமல் விரல்கள் மடங்கி வலிப்பதும் ஆஃபின் அடையாளமே. முதல் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் கட்டில் பக்கத்திலேயே வைத்து, படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து விழுங்கிவிட்டு, அரை மணி கழித்து இறங்குவது நல்லது.

ஆஃப் எல்லோருக்கும் கை காலில்தான் தெரியும் என்றில்லை. திடீர்ப் பதற்றம், வேர்வை, மூச்சு முட்டுவது, இனம் தெரியாத வயிற்று வலி, அழுகை என்றும் வரும். இதயம் என்று நினைத்து ஈசிஜி எடுத்துத் திரும்பி வருபவர்கள் பலர். மாத்திரை போட்டு மூன்றரை மணி கழித்தே ஒவ்வொரு தடவையும் வருகிறது என்று தாளில் தெரிந்தால் காரணம் கிடைத்துவிடும். முதல் தடவை மார்பு வலி வந்தால் மட்டும் தாளைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஆட்டமா, நடுக்கமா

இதில் தப்பு செய்தால் விளைவு நேரெதிராகிவிடும். நடுக்கம் கை சும்மா இருக்கும்போது ஒரே தாளத்தில் வருவது. டிஸ்கைனீசியா தாளமில்லாமல் உடம்பை நெளித்து, தலையைச் சாய்த்து, தோளைச் சுழற்றும். "ரொம்ப நடுங்குறார்" என்று இன்னொரு மாத்திரையைக் கொடுத்தால் ஆட்டம் இன்னும் கூடும். ஆட்டம் மாத்திரை போட்ட ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சத்தில் வந்தால் அளவு அதிகம் என்று பொருள், ஒரு வேளை அளவைச் சிறிதாக்குவார்கள். மாத்திரை ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும், பெரும்பாலும் கால்களில் வந்தால் அது வேறு ரகம். அங்கே அளவைக் குறைத்தால் இன்னும் மோசமாகும். இரண்டையும் பிரித்துச் சொல்லச் செல்போனில் அரை நிமிட வீடியோவும், மாத்திரை போட்ட நேரமும் போதும். அமன்டடின் டிஸ்கைனீசியாவைக் குறைக்கும், ஆனால் கணுக்கால் வீக்கம், தோலில் வலை வலையாக நிறம், வயதானவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

மூளையின் எல்லாப் பாகமும் டோபமைனுக்காகக் காத்திருப்பதில்லை. விறைப்பும் மந்தமும் நன்றாக இளகும். நடுக்கம் சிலருக்கு அடங்கும், சிலருக்கு அடங்காது. தடுமாறி விழுவது, நாள்பட்ட பேச்சுக் குழறல், மலச்சிக்கல், மறதி ஆகியவை மாத்திரைக்குப் பெரிதாக அசைவதில்லை, ஏனென்றால் அங்கே கெட்டுப்போனவை வேறு நரம்பு வழிகள். விழுகிறார் என்பதற்காக லெவோடோபாவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. நாளுக்கு 1,000 மி.கி. வரை ஒரு மாதமாவது ஒழுங்காகக் கொடுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால், அது பார்க்கின்சன்தானா என்றே மருத்துவர் மறுபடி யோசிப்பார். மூளையில் மின்முனை பொருத்தும் டி.பி.எஸ். அறுவைக்கும் இதே அளவுகோல்தான். நடுக்கம் நீங்கலாக, நல்ல ஆனில் எது சரியாகிறதோ அதுவே பெரும்பாலும் அறுவையிலும் சரியாகும்.

நம்பிக்கையும் இந்த நோயில் ரசாயனமாகவே வேலை செய்கிறது. 2001இல் வான்கூவரில் போலி மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளை ஸ்கேனில் பார்த்தபோது, அவர்கள் ஸ்ட்ரையேட்டத்தில் மூளை தன் சொந்த டோபமைனையே விட்டிருந்தது தெரிந்தது. புதிய மாத்திரை, புதிய எண்ணெய், புதிய வைத்தியர் என்று எதைத் தொடங்கினாலும் முதல் சில வாரம் முன்னேற்றம் தெரிவதில் ஆச்சரியம் இல்லை, அது பொய்யும் இல்லை. ஆனால் அதை நம்பி லெவோடோபாவை நிறுத்தியவர்கள் பிறகு படும் பாட்டைப் பார்க்க முடியாது.

விருப்பங்கள் மாறும்போது

பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமைன் போல நடித்து ஏற்பிகளை நேராகத் தூண்டுபவை. ஸ்ட்ரையேட்டத்தின் மேல்பகுதிதான் இந்த நோயில் முதலில் கெடுகிறது. ஆசை, வெகுமதி, ஆர்வம் சார்ந்த அடிப்பகுதி ஓரளவு நன்றாகவே இருக்கும். கைகாலுக்குப் போதுமான அளவு அங்கே மிதமிஞ்சிவிடுகிறது என்பதுதான் இப்போதுள்ள விளக்கம். 2010இல் வெளியான டொமினியன் ஆய்வில் 3,090 நோயாளிகளில் 13.6 சதவீதத்தினருக்கு சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது போன்ற ஏதாவது ஒரு கட்டுப்பாடிழப்பு இருந்தது. இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9.

நம் வீடுகளில் அது எப்படித் தெரியும்? வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாதவர் இரவெல்லாம் ஆன்லைன் ரம்மி ஆடுவார். தேவையில்லாத பொருள்கள் கூரியரில் வந்துகொண்டே இருக்கும். நடுராத்திரியில் இனிப்பு டப்பா காலியாகும். மனைவியிடம் அடங்காத வற்புறுத்தல் வரும். இது வயதான காலத்தில் வந்த புத்திமாற்றம் என்று சண்டை போட்டு, அவமானத்தில் மூடி மறைப்பதால்தான் பணமும் உறவும் போகின்றன. மருத்துவரிடம் சொல்ல அவர் கூசுவார், அதனால் கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, பதற்றமும் மனச்சோர்வும் வலியும் கடுமையாக வரும். இதே மருந்துகளால் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கமும் அடிக்கும். ஸ்கூட்டர் ஓட்டுபவர் முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இல்லாத ஆட்கள், பூச்சிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், சோடியம் குறைவு ஆகியவற்றைப் பாருங்கள். அவை இல்லையென்றால் மருத்துவர் குறைக்கும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: நடுக்கத்துக்குக் கொடுக்கும் பழைய மாத்திரையான பாசிட்டேன் முதலில், பிறகு அமன்டடின், பிறகு பிரமிபெக்சோல் வகை, லெவோடோபா கடைசியில். எழுபது தாண்டியவருக்குப் பாசிட்டேன் மறதியையும் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். பழைய சீட்டில் அது இருந்தால் இன்னும் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா என்பதையும் பாருங்கள். படுத்த நிலையில் ஒரு முறை, நின்று மூன்று நிமிடத்தில் ஒரு முறை ரத்த அழுத்தம் எடுங்கள். மேல் எண் 20 இறங்கினால் பிரஷர் மாத்திரையின் அளவை மறுபடி பார்க்க வேண்டும். நோய் வருவதற்கு முன் தொடங்கிய பிரஷர் மாத்திரை இப்போது அதிகமாக இருக்கலாம், அதிலும் கத்திரி வெயிலில்.

மற்ற மருத்துவர்கள் எழுதும் மாத்திரைகள்

லெவோடோபா நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென்று மோசமானால் கடந்த இரண்டு மாதத்தில் சேர்ந்த எல்லா மாத்திரை அட்டைகளையும் மேஜையில் பரப்புங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃப்ளூனரிசின், மனப் பதற்றத்துக்கான ஃப்ளூபென்டிக்சால், தூக்கமில்லாமல் கத்துபவருக்குப் போடும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் எல்லாமே மூளையில் டோபமைன் ஏற்பிகளை அடைத்துவிடும். லெவோடோபா உள்ளே போயும் பயன் இருக்காது. அதிகம் கண்ணுக்குத் தப்புவது லெவோசல்பிரைடு. அது பெரும்பாலும் தனியாக வராது, நெஞ்செரிச்சலுக்கான பான்டோபிரசோல், ரேபிப்ரசோல் கேப்சூலுக்குள் சேர்ந்து வரும். கேஸ் மாத்திரைதானே என்று ஆறு மாதம் விழுங்கியிருப்பார்கள். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குமட்டலுக்கு டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாது என்பதால் ஏற்றது, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். இல்லாத உருவங்கள் தெரிவதற்கு மருந்து தேவைப்பட்டால் குவெடியபின், குளோசபின் இரண்டும் பார்க்கின்சனுக்குப் பாதகம் குறைந்தவை.

ஆஸ்பத்திரியில் சேரும்போது

இடுப்பெலும்பு முறிவு, கண்புரை, நிமோனியா என்று எதற்காகச் சேர்ந்தாலும் பார்க்கின்சன் மாத்திரை வார்டின் நேரத்துக்கு மாறிவிடும். காலை 8, மதியம் 2, இரவு 8 என்று தட்டில் வரும் மாத்திரை, 6, 9, 12, 3, 6 என்று ஓடும் உடம்புக்கு ஒத்துவராது. நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். கையில் இருக்கும் மாத்திரையையும் கொண்டுபோங்கள், அந்த மருந்துக்கடையில் அதே எண் இல்லாமல் போகலாம்.

லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சல், மரக்கட்டை போன்ற விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். "நாளைக்கு ஆபரேஷன், ராத்திரியிலிருந்து எதுவும் குடுக்காதீங்க" என்ற உத்தரவில் இந்த மாத்திரையும் சேர்ந்துவிடக் கூடாது. மயக்க மருத்துவரை நேரில் பார்த்து, காலை மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்க அனுமதி வாங்குங்கள், அறுவை வரிசையில் முதல் ஆளாகப் போடச் சொல்லுங்கள். வாய்வழி விழுங்க முடியாதவருக்கு மூக்குவழிக் குழாயில் சாதா மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், சி.ஆர். மாத்திரையைக் கரைக்கக் கூடாது. அதே குழாயில் பாலோ புரதக் கலவையோ விடாமல் போய்க்கொண்டிருந்தால், மாத்திரைக்கு முன்னும் பின்னும் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா என்று செவிலியரிடம் கேளுங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போனது என்பதை ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் கூட இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.